வெள்ளிக்கும் புதனுக்கும் நடுவே

2023 டிசம்பர் 5ஆம் தேதி இரவு நெல்லைப் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தவர்களின் சாமான்களைப் பார்த்தாலே போதும், அங்கே என்ன நிலவரம் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் கேன், பால் பவுடர், மெழுகுவத்திக் கட்டு, கொசுவத்திச் சுருள், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். ஒரு பெரியவர் சின்ன கேஸ் அடுப்பையே சாக்கில் கட்டி எடுத்து வந்திருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து தெற்கே வரும் சாமான்கள், அன்று தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தன.

மிக்ஜாம் புயல் அன்று பிற்பகல்தான் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியிருந்தது. சென்னையில் அது கரை தொடவே இல்லை. 3, 4 தேதிகளில் சென்னைக்கு எதிரே கடலுக்குள் மெதுவாக நகர்ந்தபடி மழையைக் கொட்டிவிட்டு வடக்கே போய்விட்டது. நகரின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. 4ஆம் தேதி விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, அதை மூடி, மறுநாள் காலைதான் திறந்தார்கள். ரயில்கள் வரிசையாக ரத்தாகியிருந்தன. பேருந்துதான் வழி.

என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாளுக்கு முடிச்சூரில் தம்பி வீடு. "மாடியில இருக்கோம்னு ஞாயித்துக்கெழம சொன்னான். அதுக்கப்பறம் போன் இல்ல" என்றார். முன் இருக்கைப் பையனின் மனைவி நிறைமாதம், பள்ளிக்கரணையில். வண்டியில் ஏறிய எல்லோருமே ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தோம். எண்ணை அழுத்துவது, காதில் வைப்பது, "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரலைக் கேட்பது, மறுபடியும் அழுத்துவது. கோவில்பட்டி தாண்டும்போது எனக்கு மட்டும் ஒரு அழைப்பு வந்தது. தரமணி வீட்டிலிருந்து எங்கள் அம்மா, எதிர்வீட்டுக்காரரின் போனிலிருந்து பேசினாள்.

"ஏட்டி, அப்பாவுக்கு நேத்தைக்குப் போகல. கால் வீங்கியிருக்கு. மல்லாக்கப் படுக்க முடியலங்காக. நீ பதறாத." அதற்குள் கட்டாகிவிட்டது.

போகவில்லை என்றால் டயாலிசிஸுக்குப் போகவில்லை. அப்பாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டிசம்பர் 1 வெள்ளிக்கிழமை போய்வந்தார். 4ஆம் தேதி திங்கட்கிழமை தெருவில் இடுப்பளவு தண்ணீர். வேளச்சேரி பக்கம் அவர் வழக்கமாகப் போகும் மையத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள்.

டயாலிசிஸ் நடக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாரம் மூன்று முறை என்றாலும் அந்த மூன்றும் சம இடைவெளியில் வருவதில்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு முழு நாள் விழுகிறது. சாதாரண வாரத்திலேயே அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் ஆபத்து அதிகம் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் தங்குகிறது. நுரையீரலில் நீர் சேர்ந்தால் மூச்சுத் திணறும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுகூடப் போகலாம். எங்கள் அப்பா அந்த நீண்ட இடைவெளியின் முடிவில் நின்றபோதுதான் புயல் வந்தது. புதன் காலை நான் போய்ச் சேரும்போது ஐந்தாவது நாளாகியிருக்கும்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. வழியில் எங்கும் வெள்ளத்தின் அடையாளமே இல்லை. தேநீர்க் கடைகளில் விளக்கு எரிந்தது, பாட்டு ஓடியது. செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் சாலையோரம் இருட்டாக இருந்தது. கிளாம்பாக்கம் நிலையம் அப்போது திறக்கப்படவில்லை. கோயம்பேடு வரை போவது சந்தேகம் என்று நடத்துநர் சொன்னதால் நான் தாம்பரத்திலேயே இறங்கிவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் எனக்கு முன்பே பெருங்களத்தூரில் இறங்கியிருந்தார். அந்த அதிகாலையில் முடிச்சூர் பக்கம் போக ஒரு ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. தலையில் பையை வைத்துக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்ததை ஜன்னல் வழியே பார்த்தேன்.

தாம்பரத்திலிருந்து தரமணிக்கு நேர்வழி மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி. அன்று அது சாலையாக இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தென்சென்னையில் அறுபதுக்கும் மேற்பட்ட ஏரி குளங்களின் உபரி நீர் வந்து சேரும் பள்ளம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் போய்க் கடலில் கலக்க வேண்டும். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கர் பரவிக் கிடந்த சதுப்பில் சாலை, குப்பைமேடு, அடுக்குமாடி, மென்பொருள் வளாகம் எல்லாம் ஏறிவிட்டன. 2022இல் இதைப் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, ராம்சார் தலமாக அறிவித்தார்கள். அறிவிப்பு நல்லது. ஆனால் தண்ணீருக்குத் தன் பழைய இடம்தான் தெரியும். புயல் நாளில் கடலும் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் வெள்ளத்தை அது உள்ளே வாங்கவில்லை. வேளச்சேரியும் தரமணியும் பெருங்குடியும் நாள்கணக்கில் நின்ற தண்ணீரில் கிடந்ததற்கு இந்தப் புவியியல்தான் காரணம்.

இடைவெளி விட்டு ஓடிய மின்சார ரயிலில் கிண்டி வரை போனேன். கிண்டியில் ஓர் ஆட்டோக்காரர் வந்தார். வேளச்சேரி பக்கம் போகமாட்டேன், சர்தார் பட்டேல் சாலை வழியாக மத்திய கைலாஷ் போய் அப்படியே ராஜீவ் காந்தி சாலையில் எவ்வளவு தூரம் வண்டி இறங்குமோ அவ்வளவு தூரம் விடுகிறேன் என்றார். ஐந்து பர்லாங் சாலைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க கட்டடத்துக்குத் தோண்டுன பள்ளத்துல மண்ணு சரிஞ்சி ரெண்டு பேரு உள்ள மாட்டிக்கினாங்கக்கா. இன்னும் எடுக்கல." 4ஆம் தேதி நடந்தது அது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். 8ஆம் தேதிதான் அவர்கள் உடல்களாக வந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கத்தைக் கடந்தபோது இரண்டு குடும்பங்கள் இன்னும் நம்பிக்கையோடு அங்கே நின்றுகொண்டிருந்திருக்கும்.

மத்திய கைலாஷ் தாண்டியதும் எனக்குப் பழக்கமான சாலை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் இதை யாரும் ஐ.டி. காரிடார் என்று சொன்னதில்லை. தரமணி என்றால் நிறுவனங்களின் ஊர். கணித அறிவியல் நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம், திரைப்படக் கல்லூரி, எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் என்று மரங்களுக்கு நடுவே பெயர்ப்பலகைகள். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. கட்டடங்களையும் கோபுரங்களையும் மாதிரி செய்து வைத்து அவற்றின் மீது காற்றை ஏவிச் சோதிப்பார்கள். அப்பா வேறொரு ஆய்வு வளாகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவர். அந்தச் சுரங்கத்தைப் பற்றி எனக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்லியிருக்கிறார். புயலைப் படிக்கும் ஊர் இது என்பதில் அவருக்குப் பெருமை.

அதே சாலையில் வி.எச்.எஸ். மருத்துவமனை. அதைக் கடக்கும்போது ஆட்டோ கொஞ்சம் நின்றது, முன்னால் ஒரு ஆம்புலன்ஸ் திரும்ப வழி விடுவதற்காக. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய அமைப்பு அது. நோய் வந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடி வருவது போதாது. குடும்பம் குடும்பமாகப் பதிந்து, வருமானத்துக்கு ஏற்ற சந்தா வாங்கி, நோய் வருவதற்கு முன்பே ஒவ்வொரு குடும்பத்தின் உடல்நிலையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1970களில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று என்று சிறு நலவாழ்வு மையங்களும் அமைத்தார்கள். அங்கே வீடுவீடாகப் போய் விசாரித்து வந்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டைடல் பார்க் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. "இதுக்கு மேல போவாதுக்கா, இன்ஜின்ல தண்ணி பூந்துரும்." வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் அவர் கேட்கவில்லை. அரை லிட்டர் பால் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்ற நாட்கள் அவை. அதனால் இதையும் சொல்லியாக வேண்டும்.

அங்கிருந்து நடை. முழங்கால் அளவு, சில இடங்களில் தொடை அளவு. மழைத்தண்ணீர் என்று சொல்ல முடியாது. சாக்கடையும் டீசலும் கலந்து கறுத்திருந்தது. டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடலோரக் குப்பத்து மீனவர்கள் பைபர் படகு கொண்டுவந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். தந்தை பெரியார் நகரை ஒட்டிய எங்கள் தெருவில் மாடிகளில் மனிதர்கள், கைப்பிடிச் சுவரில் ஈரத்துணிகள். ஞாயிறு இரவு போன மின்சாரம் புதன் வரை வரவில்லை. தண்ணீர் வடியாமல் மின்சாரம் கொடுத்தால் உயிர்ப்பலி ஆகும் என்பதால் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் எங்கள் தெருக்கோடியில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரை நம்பி மூச்சுவிடும் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். அவருடைய மகன் எங்கிருந்தோ ஒரு சிலிண்டரை வாடகைக்குப் பிடித்து, மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமந்து ஏற்றியிருந்தார். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எங்கே என்று அவருக்குத் தெரியாது.

அம்மா என்னைப் பார்த்ததும் "ஏன்ட்டி இந்தத் தண்ணியில வந்த" என்று திட்டத்தான் செய்தாள். திட்டிக்கொண்டே துண்டை எடுத்துக் கொடுத்தாள். அப்பா கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. "யம்மா, பஸ்ஸுல எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அம்மா செய்திருந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திங்கள் காலை வண்டி வராது என்று தெரிந்த உடனேயே அப்பாவின் தண்ணீரைப் பாதியாக்கிவிட்டாள். சாதாரண நாளில் கஞ்சி, காபி, மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். அதை அரை லிட்டராக்கி, அதையும் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் அளந்து கொடுத்தாள். தாகம் தாங்காதபோது உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளச் சொன்னாள். காய்கறியை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடியும் வேகவைத்தாள். பொட்டாசியம் கொஞ்சமாவது வெளியேறட்டும் என்று. நிவாரணம் கொடுக்க வந்த இளைஞர்கள் ஒரு சீப்பு வாழைப்பழமும் இளநீரும் கொண்டுவந்திருந்தார்கள். அன்போடு கொண்டுவந்தது. ஆனால் அந்த இரண்டுமே அப்பாவுக்கு விஷம். அவற்றைக் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிஸ்கட் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளுக்கு 'மூன்று நாள் அவசர உணவு முறை' என்று அச்சடித்தே கையில் கொடுக்கிறார்கள். டயாலிசிஸ் தவறினால் தண்ணீரைப் பாதியாக்கு, பொட்டாசியம் மிகுந்த பழத்தைத் தள்ளு, உப்பைக் குறை, உதவி வரும் வரை சமாளி என்று அதில் இருக்கும். எங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவள். அந்தத் தாளை அவள் பார்த்ததில்லை. நர்சுகள் பேசும்போது காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்துவைத்த அறிவு அது. ஆனால் அந்த முறையின் பெயரிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. மூன்று நாள். அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

எங்கே கூட்டிக்கொண்டு போவது? சென்னையில் டயாலிசிஸ் செய்யும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. அன்று எது இயங்குகிறது என்பதுதான் கேள்வி. ஒரு டயாலிசிஸுக்கு மின்சாரம் மட்டும் போதாது. நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், இயந்திரத்தை இயக்கத் தெரிந்த டெக்னீஷியன் வேலைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், மற்ற மையங்கள் மூடியதால் அங்கே குவிந்திருக்கும் கூட்டத்தில் ஒரு இடம் வேண்டும். போன் வேலை செய்யாத ஊரில் இதையெல்லாம் எப்படி விசாரிப்பது?

அப்போதுதான் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தார். தோளில் பாலித்தீனில் சுற்றிய பை. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் தன்னார்வலர். மாதாமாதம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பவர். அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூட முகாமில் விட்டுவிட்டு, மாத்திரை தீர்ந்திருக்குமே என்று கிளம்பியிருக்கிறார்.

அப்பாவைப் பார்த்ததும் "எப்பம்மா கடைசியா போனீங்க?" என்று கேட்டார். வெள்ளி என்றதும் முகம் மாறிவிட்டது. "அடுத்த தெருவுல ஒரு அண்ணன் இருக்காரு, அவருக்கும் டயாலிசிஸ்தான். நேத்து ராத்திரி அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரில எடுத்துக்கிட்டாங்க. இப்பவும் ஓடுதாம். நீங்க கெளம்புங்க, லேட் பண்ணாதீங்க" என்றார். எந்த நுழைவாயில், எந்த மாடி, என்னென்ன காகிதம் என்பது வரை சொன்னார். போகிற போக்கில், "தெருக்கோடி பாட்டிக்கு சிலிண்டர் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கும் யாரையாவது புடிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்பாவை இறக்கியது கல்லுக்குட்டையிலிருந்து வந்து தெருமுனைப் பள்ளியில் தங்கியிருந்த இரண்டு பையன்கள். கல்லுக்குட்டை பழைய கல்குவாரிப் பள்ளம்; மழை பெய்தால் முதலில் அங்கேதான் தண்ணீர் ஏறும். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். "இடது கையை மட்டும் பிடிக்காதீங்க தம்பி" என்று அம்மா படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தாள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கும் கை அது. அது அழுந்தி அடைத்துக்கொண்டால் வழியே போய்விடும். அப்பா அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவில் இருந்தவர்கள் அவர் கும்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பக் கும்பிட்டார்கள்.

பிரதான சாலைக்கு வந்து, மேட்டுப் பக்கமாக வந்த ஒரு மினி லாரியை மறித்து ஏறினோம். மருத்துவமனையில் முதலில் இ.சி.ஜி., பிறகு ரத்தம். பொட்டாசியம் ஆறரையைத் தாண்டியிருந்தது. பணியிலிருந்த இளம் டாக்டர் பேசிக்கொண்டே ஊசி போட்டார், பேசிக்கொண்டே இயந்திரத்துக்கு அனுப்பினார். இடநெருக்கடியால் அன்று யாருக்கும் முழு நான்கு மணி நேரம் கிடைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது. அப்பா அன்று ராத்திரி ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினார்.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே வராந்தாவில் ஐம்பது பேர் இருந்திருப்போம். மடிப்பாக்கம், பெரும்பாக்கம், துரைப்பாக்கம் என்று தென்சென்னை முழுக்க அங்கே இருந்தது. எல்லோர் வாயிலும் ஒரே விசாரிப்பு: "உங்களுக்கு எத்தன நாள் ஆச்சு?" அவர்களில் யாரும் வெள்ளத்தில் மூழ்கியவர்கள் இல்லை. கூரை விழுந்து அடிபட்டவர்களும் இல்லை. அந்த வராந்தாவில் யாராவது இறந்திருந்தால் அவர் பெயர் புயல் கணக்கில் வந்திருக்காது. சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதியிருப்பார்கள்.

இது சென்னையின் பிரச்சினை மட்டும் இல்லை. 2017 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா சூறாவளி தாக்கியபோது, அரசு முதலில் சொன்ன சாவு எண்ணிக்கை 64. அடுத்த ஆண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, அரசே அதை 2,975 என்று திருத்தியது. காற்று நின்ற பிறகு, மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், மருந்துக்குக் குளிர்பெட்டி இல்லாமல், மருத்துவமனைக்குப் பாதை இல்லாமல் போனவர்கள் அவர்களில் ஏராளம். முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும்தான் அதிகம். பக்கத்திலிருந்த வியேக்கஸ் தீவின் டயாலிசிஸ் மையம் பாழானதால், அங்கிருந்த நோயாளிகள் ஒவ்வொரு முறையும் விமானம் ஏறிப் பெருந்தீவுக்குப் போய்வர வேண்டியதாயிற்று. சென்னையிலும் 2015 வெள்ளத்தில், ஒரு மருத்துவமனையின் மின்னாக்கிகளுக்குள் தண்ணீர் புகுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் இறந்த செய்தியை நாம் படித்தோம். சில வாரத்தில் மறந்தும் போனோம்.

செய்ய முடிந்த காரியங்கள் இருக்கின்றன. 2012இல் சாண்டி சூறாவளி நியூயார்க் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும், அங்கே பல மையங்கள் புயலுக்கு முன்பே நோயாளிகளைக் கூப்பிட்டு டயாலிசிஸ் செய்து அனுப்பின. அப்படி முன்கூட்டியே செய்துகொண்டவர்களில் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்களும் குறைவு, அடுத்த ஒரு மாதத்தில் இறந்தவர்களும் குறைவு என்று பின்னால் ஆய்ந்து சொன்னார்கள். மிக்ஜாம் சொல்லாமல் வந்த புயல் இல்லை. வானிலை மையம் நாள்கள் முன்பே எச்சரித்திருந்தது. டிசம்பர் 2 சனிக்கிழமை அப்பாவுக்கு ஒரு கூடுதல் முறை கிடைத்திருந்தால் அந்த நாற்காலி ஊர்வலமே தேவைப்பட்டிருக்காது.

அதைவிட நெருங்கிய உதாரணம் நம்மிடமே இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் உண்டு, தேதி உண்டு, கிராம செவிலியருக்கு வீடு தெரியும். அதனால் முடிகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கும் ஆக்ஸிஜன் இயந்திர நோயாளிக்கும் அதேபோலச் செய்ய என்ன தடை? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று மாநிலம் முழுக்க வீடுவீடாகப் போகிறது. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளைக் கொடுப்பதும் அதில் அடக்கம். எந்தத் தெருவில் யார் படுக்கையில், யாருக்கு எந்தக் கிழமை டயாலிசிஸ் என்பது அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். சஞ்சீவி அரை நூற்றாண்டுக்கு முன் தரமணியில் இருந்துகொண்டு ஆசைப்பட்டது ஏறக்குறைய இதைத்தான். படகு எங்கே, மோட்டார் எங்கே, முகாம் எங்கே என்று கணக்கெடுக்கும் கூட்டத்தில், அந்தப் பெண்களில் ஒருவரையும் உட்காரவைத்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

8ஆம் தேதி வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு அடுத்த முறையும் அடையாறிலேயே நடந்தது. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. 9ஆம் தேதி முதல்வர் 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார். கான்சென்ட்ரேட்டர் பாட்டிக்கு நல்லவேளையாகச் சிலிண்டர் கிடைத்துவிட்டது. அந்தத் தன்னார்வலர்தான் ஏற்பாடு செய்தார். அப்பாவின் பழைய மையம் திரும்ப இயங்கத் தொடங்கிய பிறகு நான் குடியிருக்கும் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். வந்ததும் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்டேன். இங்கே யாருக்காவது டயாலிசிஸ் உண்டா? "ரெண்டு பேரு இருக்காவ" என்றார், நோட்டைப் பார்க்காமலே.

டிசம்பர் 17 ஞாயிறு விடியும் முன்பே எங்கள் ஊரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி ஏறுகிறது என்று காலையிலேயே பேச்சு. நான் தன்னார்வலரைக் கூப்பிட்டேன். ஒருவருக்குச் சனிக்கிழமை முறை முடிந்திருந்தது. இன்னொருவர் ஓய்வுபெற்ற தையல்காரர், அவருக்கு மறுநாள் திங்கள் காலை. அன்றே செய்துவிட முடியுமா என்று அவர் போகும் இடத்தில் கேட்டோம். முதலில் முடியாது என்றார்கள். தரமணியில் நடந்ததை நான் சொன்னேன். டெக்னீஷியன் அதே பகுதியில் குடியிருப்பவர் என்பதால் வரச் சம்மதித்தார். பிற்பகல் கொட்டுகிற மழையில் தையல்காரரை ஆட்டோவில் ஏற்றினோம். அவருடைய மனைவிக்குக் கோபம். "நாளைக்குத்தானே முறை, இந்த மழையில இன்னைக்கே என்ன அவசரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் திரும்பி வரும்போது இரவு ஒன்பது இருக்கும். விடிந்து பார்த்தால் வண்ணாரப்பேட்டைச் சாலையில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.